மூணாம் ரூம் காய்ச்சல்

அந்த லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதல் நாள் வரும்போது சொந்த வீட்டில் தேங்கி நிற்கும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். ஸ்வீட் பாக்ஸ் கேட்டிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அது கொசுக்களை ஆராயும் சின்ன லேப். சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில், ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். விலங்கியல் முதுகலையின் கடைசி வருடத்தில் இருந்த என்னைப் பயிற்சிக்காகக் கல்லூரியில் அங்கே அனுப்பினார்கள். போனில் பேசிய மேடம், "பூந்தொட்டித் தட்டு, பக்கெட்டு, எதுல நிக்கிதோ அதுலேர்ந்து எடுத்துட்டு வாம்மா. குழாய்ல புடிச்சிட்டு வந்து ஏமாத்தாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கே பிடிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த மூன்றாம் ரூம் வாசலில் பிடித்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அங்கேதான் கொசு இருக்கும் என்று நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அங்கே இருந்தால் எனக்குச் சௌகரியம் என்று சொல்வது சரி.

எங்கள் வீடு சேரப்பணஞ்சேரியில். அப்பா இறந்த பிறகு, நிலம் கம்பெனிக்காரர்களுக்குப் போன பணத்தில், வீட்டுக்குப் பின்னால் அம்மா வரிசையாக நான்கு ரூம் கட்டினாள். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனிகள் வர வர, வேலைக்கு வந்த தெற்கத்திப் பிள்ளைகள் அவற்றில் குடியேறினார்கள். மூன்றாம் ரூமில் பரமக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தியும் அவள் கணவனும் இருந்தார்கள். சாதி மீறிக் கட்டிக்கொண்டவர்கள். ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. அவளுக்கு போன் கம்பெனியில் லைன் வேலை, அவனுக்கு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட். அவளுக்கு என் வயதுதான். ஆனாலும் வீட்டுக்காரம்மாவின் மகள் என்பதால் என்னை அக்கா என்பாள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அது ஊரெல்லாம் காய்ச்சல் வந்த வருடம். சிக்குன்குனியா என்று பேப்பரில் போட்டார்கள். பேரில் சிக்கன் கேட்கிறதே என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் கோழி தின்பதை விட்டார்கள். காய்ச்சல் போனாலும் வலி போகாது. விரல் மடங்காது, குதிகால் தரையில் படாது, வாலிபப் பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போனார்கள். எங்கள் தெருவில் மூன்றாம் ரூம்காரன் படுத்தான், பிறகு அவள் படுத்தாள், பிறகு வீட்டுக்கு வீடு படுத்தது.

நோய் வந்தால் மருந்தைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடுவார்கள். தெருக்குழாயில் அம்மாதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள். "எந்த ஊர்லேந்து இன்னாத்த வாரிகினு வந்துதுங்களோ, மூணாம் ரூம்ல ஆரம்பிச்சி தெருவே படுத்துகினு கீது." ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எதிர்வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம். என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் இதெல்லாம் படிக்கிறியே, நெசமாவாடி?"

"ஆமா ஆன்ட்டி. வெளியூர்லேந்து வரவங்க மூலமாதான் இதெல்லாம் பரவும்" என்றேன்.

புத்தகத்தில் இருந்த வாக்கியம்தான். பொய் இல்லை. ஆனால் அதை எந்த இடத்தில், எந்த நேரத்தில் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. படித்த பெண்ணே சொல்லிவிட்டது என்று அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு சிக்குன்குனியா என்று யாரும் சொல்லவில்லை. மூணாம் ரூம் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். கம்பெனி பஸ்ஸில் எங்கள் தெருப் பெண்கள் அவள் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே போனார்கள். கடைசியில் அம்மா, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். படப்பை வரைக்கும் பேச்சு போயிருந்ததால் வேறு யாரும் அவர்களுக்கு வீடு கொடுக்கவில்லை.

நான் லேபுக்குப் போக வேண்டிய முதல் நாளும் அதே வெள்ளிக்கிழமைதான்.

காலையில் பாட்டிலோடு மூன்றாம் ரூம் வாசலுக்குப் போனேன். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். குடம், பக்கெட், சொம்பு எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டு, அடியெல்லாம் காய்ந்து கிடந்தன.

"தண்ணியா? எல்லாத்தையும் கவுத்துட்டேனேக்கா. எதுக்கு?"

"லேபுக்கு. இன்னிக்குதான் மொத நாள்."

"அப்படியா! நல்லா பண்ணுங்கக்கா" என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டேன். மண்ணூரில் அவள் கணவனின் நண்பர்கள் தங்கியிருக்கும் ரூம் இருக்கிறதாம். "ஆம்பளப் பயக நாலு பேரு இருக்காக. ரெண்டு நாளைக்கு ஒரு ஓரமா கெடந்துட்டு, பெறவு பாக்கணும்க்கா." இதைச் சொல்லும்போது மட்டும் சாக்கைக் கட்டுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள்.

வேறு வழியில்லாமல் எங்கள் டிரம்மில் பிடிக்கப் போனேன். பின்புறத்தில் முருங்கை மரத்தடியில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருந்தது; கம்பெனியிலிருந்து கழித்துப் போட்டதை அம்மா வாங்கி வைத்திருந்தாள். நான்கு ரூமுக்கும் எங்களுக்கும் புழங்குவதற்கு அதில்தான் தண்ணீர். அதை அடியோடு காலி செய்யக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அரிசிப் பானையும் உப்பு ஜாடியும் தண்ணீர்த் தொட்டியும் வறண்டால் வீடு வறண்டுவிடும் என்பாள். அடியில் நாலு சொம்புத் தண்ணீராவது நிற்கவேண்டும். அதன்மேல்தான் புதுத் தண்ணீர் ஊற்றவேண்டும். ஒருநாள் செகண்ட் ஷிஃப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் மூன்றாம் ரூம்காரி கடைசிச் சொம்பையும் மொண்டு குளித்துவிட்டாள் என்று அம்மா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

பாட்டிலை அமுக்கி நிரப்பினேன். மூடியைத் திருக முடியவில்லை. என் வலது மணிக்கட்டு சில வாரங்களாகவே சரியில்லை. காலை வேளையில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சாக்கு கட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து பாட்டிலை வாங்கினாள். அவள் விரல்களும் வீங்கித்தான் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு திருகி மூடினாள்.

"உங்களுக்கும் கெழவி கையா போச்சேக்கா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

லேபில் மேடத்தோடு சேர்த்து மொத்தம் மூன்று பேர். மற்ற இருவரும் அன்று ஊர் ஊராகக் கொசு பிடிக்கப் போய்விட்டார்கள். மேடம் குட்டையாக, வேகமாக, காட்டன் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடப்பவர். மணப்பெண் அறை என்ற பெயர்ப்பலகைகூட எடுக்கப்படாத அறையில் வலைக் கூண்டுகள் இருந்தன. உள்ளே ஆயிரக்கணக்கில் கொசுக்கள். வாழ்நாள் முழுக்க அடித்துக் கொன்ற ஒன்றைச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வளர்க்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. என் பாட்டிலை வாங்கி வெள்ளைத் தட்டில் ஊற்றினார். சிரிப்பு அதோடு போயிற்று.

தட்டு முழுக்கப் புழு. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவை, மேடத்தின் கை நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. கமா போல வளைந்திருந்தவை கூட்டுப்புழுக்கள் என்றும், ஓரிரு நாளில் அவை கொசுவாகிப் பறந்துவிடும் என்றும் மேடம் காட்டினார். ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வால் பக்கத்தில் குட்டையான மூச்சுக்குழாய், அதற்குப் பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை. பரீட்சையில் நான் படம் போட்டு மார்க் வாங்கியது.

"ஏடிஸ். இப்ப ஊரையே முடக்கிப் போட்டிருக்கே, அதே கொசு. எந்தத் தண்ணி இது?"

"எங்க வீட்டு டிரம், மேடம்."

"எத்தன நாளுக்கு ஒருக்கா கழுவுவீங்க?"

அம்மாவின் சட்டத்தைச் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. "எங்க வீட்லயும் அதே கதைதான். மாமியார் உசுரோட இருந்த வரைக்கும் குடத்தக் கவுக்க விட்டதில்ல. முட்டை உள்பக்கச் சுவர்ல ஒட்டிக்கிட்டே இருக்கும். நீங்க மேல மேல ஊத்த, அதுக்குக் கொண்டாட்டம்."

லட்சுமி தங்குவதற்காக அம்மா விட்டுவைத்த தண்ணீரில் தங்கியது இதுதான். மூன்றாம் ரூமின் கவிழ்த்து வைத்த குடங்கள் நினைவுக்கு வந்தன. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எங்கள் முதுகை வெள்ளைத் தட்டில் ஊற்றி எனக்கு முன்னாலேயே வைத்திருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கீழே டீக்கடைக்கு ஓடி, ஒரு ரூபாய் போன் பெட்டியிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். டிரம்மில்தான் கொசு இருக்கிறது, அவர்கள்மேல் தப்பு இல்லை, காலி செய்யச் சொல்லாதே என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"புழு தானே? துணி கட்டி வடிகட்டிக்கிறேன். வெள்ளிக்கெழமையும் அதுவுமா டிரம்ம கவுக்க சொல்றியா? மொத நாளு போன எடத்துல ஒழுங்கா வேலைய பாரு" என்று வைத்துவிட்டாள்.

என் கையில் இன்னும் சில்லறை இருந்தது. மறுபடி கூப்பிட்டிருக்கலாம். மேடத்திடம் விஷயத்தைச் சொல்லி உடனே கிளம்பியிருக்கலாம். முதல் நாளே பாதியில் போனால் என்ன நினைப்பார் என்று தயங்கினேன். நல்ல பெயர் வாங்கும் ஆசை என்னை மறுபடி மாடியேற்றியது. தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டிரம் அம்மாவுடையதுதான், ஆனால் நோய் என்னவோ அவர்கள் கொண்டுவந்ததுதானே என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன்.

அந்த வாதத்தை மேடத்திடமே சொல்லியும் பார்த்தேன். கொசு வெறும் வண்டிதானே மேடம், கிருமி யாரோ ஒருத்தர் கொண்டுவந்தால்தானே பரவும் என்றேன்.

"கண்டிப்பா. காய்ச்சல்காரங்களக் கடிச்ச கொசு, கொஞ்ச நாள் கழிச்சி அடுத்த ஆளக் கடிச்சா அவங்களுக்கு வரும். உங்க தெருவுல யாருக்கு மொதல்ல?"

"எங்ககிட்ட குடியிருக்கறவருக்கு மேடம். தெற்குலேர்ந்து வந்தவர்."

"அவர் அதுக்கு முன்னாடி எங்கயாவது வெளிய போய்ட்டு வந்தாரா?"

தெரியாது என்றேன். தெரியாது என்பது பொய். போவதற்கு அவனுக்கு ஊரே இல்லை. ரூமும் கம்பெனியும் தவிர அவன் எங்கும் போனதில்லை.

அதற்குள் மேடம் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, கூட்டுப்புழுக்களை அதில் போட்டு மூடச் சொன்னார். போட்டேன். மூடியைத் திருகும்போது மணிக்கட்டில் சுரீரென்று இழுத்தது. குப்பி கைநழுவி மேசையில் உருண்டது. மேடம் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு என் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கினார்.

"எத்தன நாளா இப்படி?"

"ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தேன் மேடம், சித்தூர்ப் பக்கம். அலைச்சல்ல காய்ச்சல் வந்திச்சு. அதுலேர்ந்து."

"அங்கதான் மொதல்ல இது வெடிச்சதே. இது எப்போ? உங்க வீட்ல குடியிருக்கறவர் படுக்கறதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

முன்னாடி. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கையைப் பிடித்துக்கொண்டு முனகியது எனக்கு இப்போதுதான் உறைத்தது. வீடு திரும்பியதும் பின்கட்டில், டிரம்முக்குப் பக்கத்தில், காற்றுக்காகக் கயிற்றுக்கட்டில் போட்டுப் பகலெல்லாம் காய்ச்சலோடு படுத்துக் கிடந்தேன். கொசு கடித்தபோது விசிறக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒரு நாள் மூன்றாம் ரூம்காரிதான் லீவு போட்டு எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் அவள் கணவன் படுத்தான்.

"முன்னாடி, மேடம்."

"அப்ப உங்க தெருவுக்கு நீதான் ஆரம்பம்" என்றார். திட்டவில்லை. அவருக்கு அது ஒரு கணக்கு சரியாக வந்தது போல. உன் ரத்தம் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்றுகூட ஆர்வமாகக் கேட்டார். கையை நீட்டினேன். ஊசி இறங்கியபோதுதான் அழுகை வந்தது. வலிக்குதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் சொல்லியிருப்பேன், "போ, மொதல்ல வீட்டுக்குப் போ" என்று பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

ஷேர் ஆட்டோ நகரவில்லை. "ஆளு ரொம்பட்டும்மா, இன்னா அவசரம்" என்று டிரைவர் பீடி பற்றவைத்தான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விட்டு வந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவராக ஏறிய பிறகுதான் வண்டி கிளம்பியது. ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கி, பஸ் பிடித்து, தெருவுக்குள் ஓடினேன். குதிகால் வலியை அன்று நான் கணக்கில் வைக்கவில்லை. வாசலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி நின்றது. சாக்குகள், ஸ்டவ், ஒரு டேபிள் ஃபேன் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவள் கணவன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தெருவில் கதவுக்குக் கதவு ஆள் நின்று வேடிக்கை பார்த்தது.

அம்மா உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "அம்மா, அவங்க கொண்டாரல. நான்தான் கொண்டாந்தேன். சித்தூர் கல்யாணத்துலேர்ந்து."

அம்மா திரியைத் தூண்டிவிட்டு, திரும்பாமலே சொன்னாள். "தெரியும்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"உன் கை வீக்கமும் அந்தப் புள்ள கை வீக்கமும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியாதா? தெருவே யாரு யாருன்னு கேட்டுகினு கெடந்துது. உன் பேர சொல்ல சொல்றியா? நாளைக்கி உன்ன பொண்ணு பாக்க வரவன், ஊருக்கே நோவு குடுத்தவ, கை மொடங்குனவன்னு திரும்பிப் போவட்டுமா? அதுங்க இன்னிக்கி இங்க, நாளைக்கி எங்கியோ. நாம இங்கியே கெடக்கணும்டி."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அம்மாமேல் எனக்குக் கோபம் வந்தது, நிஜமான கோபம்தான். ஆனால் கோபத்துக்கு அடியில், என்னை யாரும் கைகாட்டவில்லை என்ற நிம்மதியும் இருந்தது. அம்மாவை மன்னித்து ரொம்ப காலமாகிறது. அந்த நிம்மதியை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். வண்டிக்குப் பக்கத்தில் அவள் தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், "லேபு நல்லா இருந்துச்சாக்கா?" என்றாள்.

"காய்ச்சல் மொதல்ல எனக்குத்தான் வந்திச்சு" என்றேன். எதிர்வீட்டுக்காரம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "என்கிட்டேருந்துதான் உங்களுக்கு வந்திச்சு. டிரம்லதான் கொசு இருந்திச்சு. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அழுவாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் தலையணைகளை வண்டியில் வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாதவள்போல நின்றபடி கேட்டாள்.

"அப்ப நாங்க ரூம்லயே இருந்துக்கிறவாக்கா?"

அதற்குமேல் நான் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவள் பார்வை என் தோளுக்கு மேலே போய்த் திரும்பியது. அம்மா எனக்குப் பின்னால்தான், கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை, கேட்கவுமில்லை. அவள் தலையணைகளை வண்டியில் வைத்தாள்.